புதன்கிழமை வேண்டாம்

ஜூன் 16, திங்கள்

இன்றிலிருந்து விடுமுறை. பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்ற கால்களுக்கு உட்காரத் தெரியவில்லை. காலையிலிருந்து மூன்று முறை சமையலறைக்குப் போய் அத்தையிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். அத்தை என்றால் மாமியார். பெயர் ருக்குமணி. அம்மா இருந்திருந்தால் வளைகாப்பு முடிந்த கையோடு தாராபுரத்துக்குப் போயிருப்பேன். அம்மா இல்லாத வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சுடுதண்ணீர் கேட்டு நிற்பதற்கு அத்தையிடம் திட்டு வாங்கலாம்.

இந்த டைரி ஒரு நூல் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. சர்க்கரை அளவை எழுதிவைக்க ஒரு நோட்டு வாங்கச் சொன்னார் ஆஸ்பத்திரி எஸ்தர் சிஸ்டர். நோட்டு எதற்கு என்று இதை எடுத்தேன். சாப்பிடும் முன் 98, சாப்பிட்ட பின் 151. எழுதியாயிற்று. மீதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது.

காலிப் பக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். எங்கள் வேலை அப்படி. மணிக்கு ஒரு முறை எத்தனை பீஸ் பார்த்தோம், எத்தனையில் ஓட்டை, எத்தனையில் எண்ணெய்க் கறை என்று தாளில் நிரப்ப வேண்டும். யாரும் மணிக்கு மணி நிரப்புவதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மொத்தமாக உட்கார்ந்து நிரப்புவோம். அதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணைப் போட்டால் மாட்டிக்கொள்வோம். ஏழு, ஒன்பது, ஆறு, எட்டு என்று கலைத்துப் போட வேண்டும். நடுவில் பேனாவை மாற்ற வேண்டும். சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தப் பையரும் என் தாளை இதுவரை சந்தேகப்பட்டதில்லை.

சர்க்கரையை மட்டும் ஒழுங்காக எழுதுகிறேன். பிள்ளை விஷயம்.

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி. பிள்ளை இன்னும் தலையை மேலே வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. "இனிமே திரும்பறது சந்தேகந்தான். சர்க்கரையும் இருக்கு. ஆபரேஷன்னு மனசைத் தயார் பண்ணிக்கோங்க" என்றார் டாக்டரம்மா. முப்பத்தைந்து வயதில் முதல் பிள்ளை, நாலு வருடம் காத்திருந்து வந்தது. எதற்கு வேண்டுமானாலும் தயார் என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

எஸ்தர் சிஸ்டர் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார். சாப்பிட்டதும் இடது பக்கம் சாய்ந்து படுத்துப் பிள்ளையின் அசைவை எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். வராவிட்டால் உடனே கிளம்பி வர வேண்டும். "போன் பண்ணிக் கேட்டுட்டு இருக்காதம்மா. வந்துரு. இது என் அட்டை இல்ல, உன் பிள்ளையோட வாய்" என்றார்.

இன்று மாலை முப்பது நிமிடத்தில் பத்து.

ஜூன் 22, ஞாயிறு

மாம்பழம். மாம்பழம். மாம்பழம். வீட்டில் எல்லாரும் தின்கிறார்கள். எனக்குக் கேப்பைக் கூழ்.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரிப் பை தயார் செய்தோம். எனக்கு இரண்டு நைட்டி, பழைய பருத்திச் சேலைத் துண்டுகள், பிளாஸ்க், ரிப்போர்ட் பைல். பிள்ளைக்கு மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்துக் காயவைத்தது. புதுத்துணி பிறந்த பிறகுதான். கம்பெனியில் லைனில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு டஜன் குட்டிச் சட்டை கொடுத்தார்கள். அத்தை அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் ஏற்றிவிட்டார். எத்தனை லட்சம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சட்டையை நான் பார்த்து அனுப்பியிருப்பேன். என் பிள்ளைக்குத் தாத்தா வேட்டி.

வேட்டியை அத்தையேதான் கிழித்தார். மாமனார் போய் மூன்றரை வருடமாகிறது. எங்கள் கல்யாணம் முடிந்து எட்டாவது மாதம்.

ஜூன் 27, வெள்ளி

சின்னத்தை வந்திருந்தார். அத்தையின் தங்கை, பெயர் சுலோச்சனா. திருப்பூரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் நியூஸ் சேனல் வேண்டாம், இவர் போதும்.

"ஆப்பரேசன்னு முடிவாயிருச்சல்ல. அப்பறம் என்னக்கா, நாளு நம்ம கையில. நல்ல ஜோசியரா பாத்து நேரம் குறிச்சுக்குங்க. பொட்டப்புள்ளையா இருந்து மூலத்துல கீலத்துல பொறந்துச்சுன்னா, அப்பறம் கட்டிக் குடுக்க வாசல் வாசலா நிக்கோணும். மூலம்னா மாமனாருக்கு ஆகாதும்பாங்க."

அத்தை முறுக்கைத் தட்டில் வைத்துக்கொண்டே, "டாக்டரம்மா சொல்ற நாளுல எடுத்துக்குவோம். புள்ள நல்லபடியா வந்தாச் சரி" என்றார்.

எனக்கு அத்தையைப் பிடித்துப்போன நாள்கள் சில உண்டு. இன்று ஒன்று.

ஜூன் 28, சனி

கிழிக்கிற காலண்டரில் ஜூலைத் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். காஸ் எப்போது தீரும் என்று கணக்குப் போட.

ஜூன் 30, திங்கள்

டாக்டரம்மா தேதி குறித்தார். "ஜூலை ஒன்பது, புதன்கிழமை. தியேட்டர் காலியா இருக்கு. முப்பத்தெட்டு வாரமும் ஆயிடும். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அதுக்கு மேல இழுக்க வேண்டாம்."

வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஏன் என்றார். வீட்டுக்காரருக்குப் புதன் வியாழன் லீவு கிடைக்காது, புதுப் பின்னல் மெஷின் இறக்குகிறார்கள் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே தெரிந்தது.

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ரெண்டு நாள் தள்ளறேன். ஆனா ஒரு கண்டிஷன். அசைவு நல்லா இருக்கணும். தினம் மூணு வேளை எண்ணுங்க. குறைஞ்சா வெள்ளிக்கிழமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னிக்கே எடுத்துருவேன்."

சரிங்க என்றேன்.

வீட்டில் பூபதி, அதாவது என் வீட்டுக்காரர், நேரில் கூப்பிடுவது ஏனுங்க, டைரியில் பூபதி, "எனக்கென்ன லீவுக்குப் பிரச்சினை? ஒரு வாரம் சொல்லி வெச்சிருக்கறனே" என்றார். வெள்ளிக்கிழமை நல்ல நாள் இல்லையா என்றேன். "மகாலச்சுமி வர்ற கிழமை" என்றார் அத்தை. அதோடு பேச்சு முடிந்தது.

ஜூலை 1, செவ்வாய்

அப்பா போன் செய்தார். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் கேட்டுவிட்டு, வைக்கும்போது, "புதன்கிழமை வேண்டாம் கண்ணு" என்றார். வெள்ளிக்கு மாற்றிவிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

இதை எழுதலாமா கூடாதா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். இந்தப் பக்கத்தை அத்தை படிக்க மாட்டார். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. பூபதிக்கு மெஷின் கேட்லாக் தவிர எதையும் படிக்கிற வழக்கமில்லை.

நான் மூல நட்சத்திரம். இருபத்திரண்டு வயதில் பார்க்க ஆரம்பித்தார்கள். பதினாலு பேர் வந்தார்கள், பதினாலு பேரும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பையனின் அப்பா அதைத் தொடக்கூட இல்லை, மேசையில் வையுங்கள் என்றார். அப்பா அதை வைத்துவிட்டு, பிறகு அதே மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு முப்பத்தொன்று ஆனபோது அப்பா பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஜோசியரிடம் போனார். அதிகாலை நாலு மணிக்குப் பிறந்தவளை எட்டு மணிக்குப் பிறந்ததாக எழுதி வாங்கி வந்தார். மூலம் போய்ப் பூராடம் வந்தது. அடுத்த மாதமே பூபதி வீட்டில் கேட்டு வந்தார்கள். மாமனார்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாப் பொருத்தமும் நல்லாருக்குதுங்க" என்றார். மாமனார் உயிரோடு இருக்கிற வீடு. எட்டு மாதம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பன்னிரண்டாவது படித்தவள். நெஞ்சு வலி வந்து செத்தார், அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன், விடிவதற்கு முன்பே மூலம் ஆரம்பிக்கிறது. மறுநாள் காலை ஆறு மணிக்கு முடிகிறது. காலண்டர்த் தாளில் போட்டிருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

காலை பத்து, மதியம் பன்னிரண்டு, மாலை பத்து. மாலையில் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. பூபதி தினமும் வேலைக்குப் போகும்முன் அட்டையை எடுத்துப் பார்க்கிறார். மெஷின் ஓடுகிறதா என்று மீட்டர் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு செருப்பைப் போட்டுக்கொள்கிறார். பேச்சு கிடையாது. ஆனால் பார்க்காமல் போனதில்லை.

ஜூலை 7, திங்கள்

கடைசிப் பரிசோதனை. இருதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. இன்சுலின் இரண்டு யூனிட் கூட்டினார்கள். வெள்ளி காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். எஸ்தர் சிஸ்டர் அட்டையை வாங்கிப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிப் பார்த்ததில்லை" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

காலை பத்து, ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. மதியம் பத்து, இரண்டு மணி நேரம் முழுதாக.

மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஆறு. அதில் ஒன்று ஏப்பமாகக்கூட இருக்கலாம்.

கடைசி வாரத்தில் உள்ளே இடம் போதாது, அதனால் அசைவு குறையும் என்று கம்பெனியில் நசீமா சொல்லியிருக்கிறாள். அவள் மூன்று பெற்றவள். இப்போது கிளம்பிப் போனால் அட்மிஷன் போட்டு, மெஷின் வைத்துப் பார்த்து, விடிந்த பிறகுதான் எடுப்பார்கள். விடிந்தால் புதன்.

அட்டையில் பத்து என்று எழுதினேன். கொஞ்சம் தாராளமாக எண்ணினால் வரும்.

ஜூலை 9, புதன், காலை 9.20

ஏழு மணிக்கு இரண்டு இட்லி. இடது பக்கம் சாய்ந்து படுத்தேன். நான்கு.

அட்டையில் பதினொன்று. நேற்று நீலப் பேனா, இன்று கறுப்பு. பூபதி எடுத்துப் பார்த்தார். "பதினொன்னா" என்றார். நேற்றைவிட ஒன்று கூடுதல் என்பதில் அவர் முகம் தெளிந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

பையனாக இருந்தால் மூலத்தில் பிறந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெண்ணுக்குத்தான் எல்லாம். எது என்று தெரியாதே.

காலை 11.00

குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். சர்க்கரை ஏறினால் ஏறட்டும் என்று ஒரு துண்டு மாம்பழம் தின்றேன். முதுகைத் தட்டினேன். பாட்டுப் போட்டு போனை வயிற்றில் வைத்தேன். இரண்டு. இரண்டாவது உறுதியில்லை.

நாளை காலை ஆறு மணி வரை இன்னும் பத்தொன்பது மணி நேரம். பத்தொன்பது மணி நேரம் தூங்கும் பிள்ளைகள் இருக்காதா. சாமி, கொஞ்சம் அசை. ஒரே ஒரு தடவை.

11.40

ஒன்றுமில்லை.

அத்தை வருகிறார்.

ஜூலை 10, வியாழன்

தையல் இழுக்கிறது. பேனா பிடிக்க முடிகிற அளவுக்கு எழுதுகிறேன்.

நேற்று அத்தை மோர் கொண்டு வந்தார். நான் தண்ணீர் பாட்டிலை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

"என்ன அம்மிணி பண்ற?"

ஒன்றுமில்லீங்கத்தை என்றேன். அவர் டம்ளரை வைக்காமல் நின்றார். என் முகத்தையே பார்த்தார்.

"அசையறதில்லீங்க."

"எப்பருந்து?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து கம்மிதானுங்க."

"அட்டையில பதினொன்னுன்னு பூபதி சொல்லீட்டுப் போனானே."

"நான் எழுதுனதுங்க. நாளைக்குக் காலையில ஆறு மணி வரைக்கும் பொறுத்துக்கலாமுங்கத்தை. அதுக்கப்பறம் மூலம் போயிரும்."

அத்தைக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினாலு பேர், பொள்ளாச்சி ஜோசியர், நாலு மணி, எட்டு மணி. மாமனார் கண்ணாடி போட்டுப் பார்த்தது. "நாந்தானுங்கத்தை மாமாவக் கொன்னுட்டேன். என்ற புள்ளைக்கும் அந்தப் பேரு வர வேண்டாமுங்க" என்றேன். இத்தனை வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை அழாமல் சொன்னேன். அழ நேரமில்லை என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

அத்தை டம்ளரைத் தரையில் வைத்தார்.

"எந்திரி."

வாசலில் ஆட்டோவை நிறுத்தி என்னை ஏற்றினார். பூபதிக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். ஆட்டோ மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பாலம் தாண்டும்போது, முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டே பேசினார்.

"உன்ற மாமனாரு எப்படிச் செத்தாருன்னு உனக்குத் தெரியாது. நீ கம்பெனிக்குப் போயிட்ட. காலையில ஒம்பது மணிக்கு நெஞ்சப் புடிச்சாரு. என்னங்கன்னேன். வாய்வுன்னாரு. அன்னைக்கு மாரியம்மன் கோயில் பொங்கலு, அவருதான் முன்ன நிக்கோணும். ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வெச்சிருவாங்கன்னு சொல்லாமயே உக்காந்திருந்தாரு. வேர்த்துக் கொட்டுது, துண்டால தொடச்சுத் தொடச்சு மறைக்கறாரு. நாலு மணிக்குச் சொன்னாரு. நாலரைக்கு முடிஞ்சுது. நட்சத்திரமும் கொல்லல, நீயும் கொல்லல. வாயத் தொறக்காமச் செத்தாரு. நீயும் அதையேதான பண்ற."

கொஞ்சம் கழித்து, "ஜாதகத்த மாத்துனது தப்பு. அத உன்ற அப்பங்கிட்ட நான் பேசிக்கறேன். அது வேற" என்றார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். துடிப்பு கேட்டது. கேட்டதும் நான் அத்தை கையைப் பிடித்தேன். ஆனால் எஸ்தர் சிஸ்டர் சிரிக்கவில்லை. காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா வந்தார். அதே நேரம் பூபதி வந்தார், கையெல்லாம் மெஷின் எண்ணெய். வழியில் வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த நேரத்திலும் அதை மறக்காமல் எடுத்து வந்திருக்கிறார்.

"எப்பலேர்ந்து குறைஞ்சுது?" என்றார் டாக்டரம்மா.

"காலையில பதினொன்னுங்க டாக்டர். நான் பாத்துட்டுத்தானுங்க போனேன்" என்று பூபதி அட்டையை நீட்டினார். ஓரத்தில் எண்ணெய் விரல் பதிந்திருந்தது.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "அப்போ இப்பதான் ஆரம்பம். ஒரு மணி நேரம் டிரிப்ஸ் போட்டு மறுபடி பார்க்கலாமா" என்று பக்கத்திலிருந்த இன்னொரு டாக்டரைக் கேட்டார்.

அத்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் என்னையே பார்த்தார்.

"அது பொய்ங்க" என்றேன். "நேத்து சாயங்காலம் ஆறு. இன்னைக்குக் காலையில நாலு. பதினோரு மணிக்கு ரெண்டு. அப்பறம் இல்லீங்க. அட்டையில நானா எழுதுனது."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டாக்டரம்மா அட்டையை மேசையில் போட்டுவிட்டு, "தியேட்டர். இப்பவே" என்றார். ஸ்டிரெச்சர் நகர்ந்தபோது பூபதியைப் பார்த்தேன். அவர் மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகில் ஊசி. துணிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வேகமாகப் பேசினார்கள். தண்ணீர் வற்றியிருக்கிறது, பச்சையாக இருக்கிறது, கொடி கழுத்தில் ரெண்டு சுத்து. பிறகு யாரோ, "மணி ஒண்ணு இருபத்திரண்டு. பெண்" என்றார்கள்.

அழுகை வரவில்லை. நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எதையும் எண்ணும் தைரியம் எனக்கு இல்லை. பிறகு ஒரு சின்ன முனகல் கேட்டது. அதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

உள்ளேயே மலம் கழித்திருக்கிறாள். அது நுரையீரலுக்குள் போயிருக்கிறது. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். ஆக்சிஜன். நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்றுதான் அந்த நல்ல நாள்.

டாக்டரம்மா காலையில் வந்தார். "இன்னொரு ரெண்டு மணி நேரம் போயிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "அன்னிக்கு உண்மையைச் சொன்னதாலதான் உடனே எடுத்தோம்" என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பூபதி புதன்கிழமையிலிருந்து என்னிடம் பேசவில்லை. பிளாஸ்கில் சுடுதண்ணீர் நிரப்புகிறார், மருந்துச் சீட்டோடு ஓடுகிறார், கண்ணாடிக்கு வெளியே நின்று மகளைப் பார்த்துவிட்டு வந்து அத்தையிடம் சொல்கிறார். மதியம் அத்தை குளிக்கப் போன நேரத்தில், கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தினமும் அந்த அட்டையப் பாத்துட்டுத்தான் படியெறங்குனேன். அதுல இருந்தா சரின்னு நெனச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். "ஏன்னு சொல்லு" என்றார். சொல்றேனுங்க என்றேன். அதற்குள் நர்ஸ் பிபி பார்க்க வந்துவிட்டார். அவர் எழுந்து போனார். நான் கூப்பிடவில்லை. பொய் சொல்லும்போது அவ்வளவு சரளமாக வருகிற வாய்.

மாலையில் அப்பா. பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரிச் சீட்ட யாரு பாக்கப் போறாங்க கண்ணு. ஜாதகம் எழுதறப்ப வியாழக்கெழம காலையில ஆறரைன்னு குடுத்துக்கலாம். பூராடம் வந்துரும். நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பதினாலு வீட்டு மேசையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மடித்துக்கொண்டு வந்தவர்.

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

காலை பத்து மணிக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். பதினொன்றேகாலுக்கு எஸ்தர் சிஸ்டர் அவளைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். மூன்று கிலோ நூறு. பூபதியின் நெற்றி. குழாய் ஒட்டியிருந்த இடத்தில் கன்னம் சிவந்திருக்கிறது. மூளைக்கு எந்தக் குறையும் இப்போது தெரியவில்லை, ஆனாலும் ஆறு மாதம் வரை மாதாமாதம் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருக்கிறார். கழுத்து நிற்கிறதா, பார்க்கிறாளா, பிடிக்கிறாளா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்களாம். ஆறு மாதம் நான் எப்படி மூச்சு விடப்போகிறேன் என்று தெரியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கொட்டாவி விட்டாள்.

மதியம் சின்னத்தை வந்தார், கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். பிள்ளையைப் பார்த்து, அக்கா ஜாடை என்றார். மூக்கு என் பக்கம் என்றார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"ஆமா, வெள்ளிக்கெழமைன்னீங்க, முன்னாலயே எடுத்துட்டாங்களாமா? என்ன நட்சத்திரம்?"

அறையில் நாங்கள் நான்கு பேர். அத்தை துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார், மடிப்பதை நிறுத்தவில்லை. பூபதி ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். என் நாக்கு நுனியில் பூராடம் தயாராக இருந்தது. நான் தேட வேண்டியதுகூட இல்லை, தானாக வந்து நின்றது.

"மூலமுங்க" என்றேன். "புதன்கெழம மதியம் ஒன்னு இருவத்திரண்டு. நானும் மூலந்தானுங்க சின்னத்தை. கல்யாணத்துக்குக் குடுத்த ஜாதகம் பொய்ங்க. புதன்கெழம பொறந்தா இவளும் மூலமாயிருவான்னுதான் அசைவு நின்னது தெரிஞ்சும் ஆஸ்பத்திரிக்கு வராம இருந்தேன்."

சின்னத்தை என்னைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அவர் எதிர்பார்த்த முகம் அங்கே இல்லை.

"கேட்ட, சொல்லீட்டா" என்றார் அத்தை. "புள்ள பால் குடிக்கற நேரம். சித்தெ வெளிய இரு சுலோச்சனா."

சின்னத்தை எழுந்து போனார். ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும். அத்தையும் மடித்த துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது கதவைச் சாத்தினார்.

பிள்ளைக்குச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. எனக்கும் வைக்கத் தெரியவில்லை. ஊசி குத்திய கை மரத்துப்போய், தலை சரிந்து சரிந்து விழுந்தது. பூபதி ஜன்னலை விட்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, என் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து அவள் தலையைத் தாங்கினார். அவள் குடித்து முடிக்கும்வரை எடுக்கவில்லை. பால் குடிக்கிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

நேற்று மதியத்துக்குப் பிறகு என்னோடு இன்னும் பேசவில்லை.